வாசகர் கேள்வி–பதில்: ஷார்டொனே, மண்ணும் கைப்பக்குவமும்

வெள்ளை ஒயின்களில் ஷார்டொனேயைப் பற்றி மட்டும் வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கேள்விகள் வந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

உணவக மேலாண்மை படிக்கிறேன். ஷார்டொனேயில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் மணக்கும் என்று ஒரு பாடத்தில் வருகிறது. வெண்ணெயும் வனிலாவும் மணக்கும் என்று இன்னொன்றில் வருகிறது. எதை எழுதினால் சரி?
— மாணவர், மதுரை

இரண்டுமே சரிதான். ஆனால் இரண்டும் ஒரே பாட்டிலைப் பற்றிய வருணனை அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மஸ்கட் திராட்சையில் செய்த ஒயினைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலும் திராட்சையின் பெயரைச் சொல்லிவிடலாம். சோவிஞான் பிளாங்க்கில் வெட்டிய புல்லின் பச்சை வாசம் முன்னால் வந்து நிற்கும். ஷார்டொனேக்கு அப்படித் தனக்கென்று ஓங்கி நிற்கும் மணம் கிடையாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அதன் பெருமையே இதில்தான் இருக்கிறது. விளைந்த மண்ணும், அந்த ஊரின் வெயிலும், செய்பவரின் கைப்பக்குவமும் இந்த அளவுக்கு வெளிப்படையாகத் தெரியும் வெள்ளைத் திராட்சை வேறு அதிகம் இல்லை.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த பகுதியில் பழம் மெதுவாகக் கனிவதால் புளிப்பு குறையாமல் நிற்கிறது. அங்கே எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றின் சாயல் வரும். மிதமான வெப்பத்தில் பீச் பழத்தின் வாசம் சேரும். நல்ல வெயில் காயும் இடங்களில் அன்னாசி, மாம்பழம் வரைகூடப் போகும்; அங்கே சர்க்கரை கூடுவதால் மதுச்சத்தும் கூடும்.

பழம் ஆலைக்குள் வந்த பிறகு செய்பவரின் முடிவுகள் தொடங்குகின்றன. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்கவிட்டால் பழத்தின் மணம் மட்டும் தெளிவாக நிற்கும். பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் வழக்கப்படி 228 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயில் நொதிக்கவிட்டால், மரத்தின் உட்புறத்தைத் தீயில் வாட்டியிருப்பதால் வனிலாவும் வறுத்த பாதாமும் லேசான புகையும் ஏறும். புதிய பீப்பாய் கொடுக்கும் மணம் பழைய பீப்பாயில் வராது. சில ஆண்டுகள் புழங்கிய பீப்பாய், மெல்லக் காற்றை உள்ளே விடுவதைத் தவிர, மணம் எதையும் பெரிதாகச் சேர்ப்பதில்லை.

உங்கள் பாடத்தில் வரும் வெண்ணெய் மணம் மரத்திலிருந்து வருவதில்லை. தேர்வில் பலரும் தவறவிடும் இடம் இது. சர்க்கரை மதுவாக மாறிய பிறகு, பாக்டீரியா வேறொரு வேலையைச் செய்கிறது: பச்சை ஆப்பிளில் உள்ள கூர்மையான மாலிக் அமிலத்தை, மோரில் உள்ள மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அப்போது டைஅசிட்டைல் என்ற பொருள் துணையாக உண்டாகிறது. திரையரங்கில் விற்கும் பாப்கார்னுக்கு வெண்ணெய் வாசம் ஏற்றப் பயன்பட்டு வந்ததும் இதே பொருள்தான். இந்த மாற்றத்தை முழுதும் நடக்க விடலாம், பாதியில் நிறுத்தலாம், நடக்கவே விடாமலும் தடுக்கலாம்; செய்பவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நொதித்து முடிந்த ஈஸ்ட் பீப்பாயின் அடியில் வண்டலாகப் படியும். பர்கண்டியின் மர்சோ போன்ற ஊர்களில் பீப்பாயின் வாய்த் துளை வழியாக ஒரு கோலை நுழைத்து அந்த வண்டலை அவ்வப்போது கலக்கிவிடுவார்கள். தெளிவாக இருந்த ஒயின் பால்போல் கலங்கி மறுபடியும் தெளியும். இப்படிச் சில மாதங்கள் கலக்கப்பட்ட ஒயினுக்கு நாக்கில் ஒரு கொழுமை வந்துவிடுகிறது.

ஷார்டொனே இனிப்பு ஒயினா? குடித்தவர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.
— வாசகி, கோயம்புத்தூர்

பெரும்பாலும் இல்லை. சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் நொதித்துத் தீர்ந்த, இனிப்பற்ற ஒயின் அது. வனிலாவின் வாசமும் கனிந்த பழத்தின் வாசமும் வரும்போது, இனிப்புப் பண்டங்களில் அந்த வாசங்களைப் பழகிய நம் மூக்கு, நாக்கையும் இனிப்பை எதிர்பார்க்க வைத்துவிடுகிறது. மலிவான சில பாட்டில்களில் கொஞ்சம் சர்க்கரையை மீதம் விடுவதும் உண்டு.

ஷார்டொனே எந்த நாட்டுத் திராட்சை? பினோ நுவாருக்கு உறவு என்று படித்தேன். கறுப்புத் திராட்சைக்கு வெள்ளைத் திராட்சை எப்படி உறவாகும்?
— வாசகர், திருச்சி

பிறந்த இடம் கிழக்கு பிரான்சில் உள்ள பர்கண்டி. அதன் தென்பகுதியான மாக்கொனேயில் ஷார்டொனே என்ற பெயரிலேயே ஒரு சிற்றூரும் இருக்கிறது. 1098-இல் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டெர்சியத் துறவிகளின் மடங்களுக்குப் பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களைச் செம்மைப்படுத்தியதில் பெரும் பங்கு உண்டு. எந்தச் சரிவில் எது நன்றாகக் கனிகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வைத்த அறிவு அது. அப்படிப் பிரித்துப் பெயரிடப்பட்ட துண்டு நிலங்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உறவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஷார்டொனே, பினோ பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒரு வகை என்றே நெடுங்காலம் பலரும் நினைத்திருந்தார்கள். பாட்டில்களில் ‘பினோ ஷார்டொனே’ என்று அச்சிட்ட காலமும் இருந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் மெரிடித்தும் அவருடைய குழுவினரும், பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து மரபணுச் சோதனை நடத்தி, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். ஷார்டொனேயின் பெற்றோரில் ஒன்று பினோ. மற்றொன்று கூவே பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை. பினோவுக்குக் கறுப்பு, சாம்பல், வெள்ளை என நிறம் மாறிய வடிவங்கள் இருப்பதால் உறவில் வியப்பில்லை.

இந்தக் கூவே பிளாங்க்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது எளிய குடியானவர்கள் பயிரிட்ட, தரம் குறைந்தது என்று பிரபுக்களும் மடங்களும் ஒதுக்கிய கொடி. நல்ல சரிவுகளைப் பினோவுக்குக் கொடுத்துவிட்டு மிச்ச நிலத்தில் அதை நட்டார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் பூத்ததால் மகரந்தம் தானாகக் கலந்து, ஷார்டொனே மட்டுமல்ல, காமே, அலிகொத்தே, மெலோன் உள்ளிட்ட பதினாறு வகைகள் பிறந்திருக்கின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. உலகமே கொண்டாடும் ஒயினுக்குத் தாயோ தந்தையோ ஆன ஒரு கொடி இன்று பிரான்சில் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு அருகிப்போய்விட்டது என்பது எனக்கு வருத்தம் தருகிற செய்தி.

பாரிஸில் ஓர் உணவகச் சமையற்கட்டில் வேலை செய்கிறேன். “ஷார்டொனே எனக்குப் பிடிக்காது, ஷப்லி கொடுங்கள்” என்று வெளிநாட்டுப் பயணிகள் கேட்பார்களாம். ஷப்லியும் ஷார்டொனேதானே?
— வாசகர், லா ஷப்பேல், பாரிஸ்

ஆம், முழுக்க முழுக்க ஷார்டொனேதான். ஷப்லி என்ற பெயரில் விற்கும் ஒயினில் வேறு திராட்சையைச் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பாட்டிலில் பெரும்பாலும் ஊர்ப்பெயரைத்தான் போடுவார்கள், திராட்சையின் பெயரைப் போடுவதில்லை. மர்சோ, புலிஞி-மோன்ராஷே, புய்யி-ஃபுயிஸ்ஸே என்று உங்கள் உணவகத்துப் பட்டியலில் இருப்பவை எல்லாமே ஷார்டொனேதான்.

ஆயினும் அந்தப் பயணிகள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் கலிபோர்னியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த பல ஷார்டொனேக்களில் ஓக் வாசமும் வெண்ணெய் வாசமும் தூக்கலாக இருந்தன. அவை சலித்துப்போனவர்கள் ‘ஷார்டொனேயைத் தவிர எது வேண்டுமானாலும்’ என்று சொல்லும் அளவுக்குப் போனார்கள். அவர்கள் வெறுப்பது அந்தப் பாணியைத்தான், திராட்சையை அல்ல. ஷப்லி அதற்கு நேர் எதிரான முனையில் நிற்கிறது: மெலிந்த உடல், கூரான புளிப்பு, ஓக் வாசம் பெரும்பாலும் கிடையாது.

ஷப்லி ஊர் பர்கண்டியின் மற்ற தோட்டங்களிலிருந்து விலகி வடக்கே இருக்கிறது. அங்கிருந்து பாரிஸ் அதிகத் தொலைவில்லை. அதன் சரிவுகளில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு மண் இருக்கிறது. அந்த மண்ணைக் கையில் அள்ளினால், காற்புள்ளி போலச் சுருண்ட நகத்தளவுச் சிப்பிகளின் புதைபடிவங்கள் கல்லோடு கல்லாக ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சிப்பியின் சுவைதான் ஒயினில் ஏறுகிறது என்று விற்பனைக்காகச் சொல்வதுண்டு. வேர்கள் அப்படிக் கல்லின் சுவையை உறிஞ்சுவதில்லை. மண் நீரைப் பிடித்து வைத்தும் வடித்தும் கொடியை நடத்தும் விதமும், குளிர்ந்த வானிலையால் குறையாமல் நிற்கும் அமிலமும் சேர்ந்துதான் அந்தக் கூர்மையைத் தருகின்றன. பச்சைச் சிப்பியின் உப்புக்கு ஷப்லி பொருந்துவதும் அந்தப் புளிப்பால்தான்.

அந்த ஊர்க்காரர்கள் அதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். ஷார்டொனே சீக்கிரம் துளிர்விடும் கொடி. ஏப்ரலில் துளிர் வந்த பிறகு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் விளைச்சலே போய்விடும். பின்னிரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் நேரம் தோட்டத்தில் தூவுநீர்க் குழாய்களைத் திறந்துவிடுகிறார்கள். துளிரின்மேல் விழும் நீர் பனிக்கட்டியாக உறைகிறது. உறையும்போது நீர் வெளியிடும் வெப்பம் உள்ளே இருக்கும் துளிரைப் பூஜ்யத்தை ஒட்டியே வைத்துக் காக்கிறது. வெயில் ஏறிக் கட்டி உருகும்வரை நீர் நிற்கக்கூடாது; நடுவில் நின்றால் குளிர் இன்னும் கடுமையாகத் தாக்கும். நீர் வசதி இல்லாத தோட்டங்களில் வரிசைகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான மெழுகு வாளிகளை ஏற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு விழித்திருப்பார்கள். 2021 ஏப்ரலில் இத்தனையும் செய்தும் பர்கண்டியில் பலர் பெரும்பகுதி விளைச்சலை இழந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஷப்லியின் தோட்டங்கள் சுமார் 500 ஹெக்டேருக்குச் சுருங்கிப்போனதற்குத் திராட்சைப்பேன் நோயோடும் போர்களோடும் இந்தப் பனியும் காரணம். இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல் மீண்டிருக்கிறது.

பிரெஞ்சு ஒயினை அமெரிக்க ஷார்டொனே தோற்கடித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?
— வாசகர், சிங்கப்பூர்

உண்மை. 1976 மே 24 அன்று பாரிஸில் ஒயின் கடை நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு சுவைப்பு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தார். கலிபோர்னியாவின் ஆறு ஷார்டொனேக்களையும் பர்கண்டியின் நான்கு வெள்ளை ஒயின்களையும் பெயர் தெரியாதபடி ஊற்றிக் கொடுத்தார்கள். முடிவில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட மதிப்பெண்கள் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் போட்டவை. முதலிடம் நாப்பா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஷாட்டோ மோன்டெலினாவின் 1973 ஷார்டொனேக்குப் போனது. முதல் நான்கில் மூன்று இடங்கள் கலிபோர்னியாவுக்கு; பர்கண்டியின் மர்சோ ஒன்று இரண்டாவதாக வந்தது. வென்ற ஒயினைச் செய்தவர் குரோவேஷியாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய மைக் கெர்கிச்.

ஒரு நாள் சுவைப்பை வைத்து ஒரு நாட்டு ஒயின் மற்றதைவிட மேலானது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்பதில்லை. ஆனால் நல்ல ஷார்டொனே பர்கண்டிக்கு வெளியேயும் விளையும் என்பது அன்று எல்லோர் முன்னாலும் நிரூபணமானது. அதன்பிறகு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர், நியூசிலாந்து, சிலியின் கசாபிளாங்கா பள்ளத்தாக்கு, தென்னாப்பிரிக்காவின் கடலோரம் என்று கொடி பரவி, இன்று உலகில் சுமார் 2 லட்சம் ஹெக்டேரில் ஷார்டொனே வளர்கிறது. கலிபோர்னியாவிலும் இப்போது ஓக்கைக் குறைத்து, கடற்காற்று வீசும் குளிர்ந்த பகுதிகளைத் தேடிப் போகிறார்கள்.

வீட்டுக்கு வரும் கனடிய நண்பர்களுக்கு விருந்து வைக்கிறேன். ஷார்டொனேயோடு என்ன சமைத்தால் பொருந்தும்? நம் சொதிக்கும் நண்டுக்கறிக்கும் ஒத்துவருமா?
— வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

முதலில் பாட்டில் எந்தப் பாணி என்று பாருங்கள். “ஷார்டொனேக்கு எது பொருந்தும்” என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

ஓக் படாத, புளிப்புக் கூடிய ஷப்லி போன்றது என்றால் சிப்பி, ஆவியில் வேகவைத்த மீன், எலுமிச்சை பிழிந்த இறால், வெள்ளாட்டுப் பாலில் செய்த பாலாடைக்கட்டி ஆகியவை நன்றாக இருக்கும். பர்கண்டியில் பூண்டும் பார்ஸ்லியும் கலந்த வெண்ணெயில் சுட்ட நத்தைக்கும் இதைத்தான் ஊற்றுவார்கள். அங்கே ஒயினின் வேலை வெண்ணெயின் எண்ணெய்ப்பசையை நாக்கிலிருந்து துடைத்து எடுப்பது.

பீப்பாயில் பழகிய, கொழுமையான ஷார்டொனே என்றால் உணவும் அதே கனத்தில் இருக்க வேண்டும். மெலிந்த மீனை அதன் முன் வைத்தால் மீனின் சுவையே காணாமல் போய்விடும். வெண்ணெயில் புரட்டிய லோப்ஸ்டர், வதக்கிய ஸ்காலப், அடுப்பில் வாட்டிய முழுக்கோழி, பூசணிக்காய் சூப், இனிப்புச் சோளம் எல்லாம் பொருந்தும். பர்கண்டியை ஒட்டிய பிரெஸ் பகுதியின் கோழியை அங்கே பாலேடும் மொரேல் காளானும் சேர்த்துச் சமைக்கிறார்கள். கோழித்தோலில் வடியும் கொழுப்பு, காளானின் மண்வாசனை, பாலேட்டின் இதமான இனிப்பு மூன்றுக்கும் ஒரு மர்சோ ஈடுகொடுக்கும்; வெள்ளை ஒயினோடு நான் பரிந்துரைக்க ஒரே ஒரு உணவுதான் என்றால் இதைத்தான் சொல்வேன். பாலாடைக்கட்டியில் ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கோந்தே. சிவப்பு ஒயின்தான் பாலாடைக்கட்டிக்கு ஏற்றது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், பெரும்பாலான வகைகளுக்கு வெள்ளை ஒயினே மேல்.

சொதி நன்றாகவே ஒத்துவரும். தேங்காய்ப்பாலின் கொழுமைக்கு, லேசாக ஓக் பட்ட ஷார்டொனே இசைந்து போகும். பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு, இறக்கிய பின் தேசிக்காய்ப் புளியை அளவாகச் சேருங்கள். புளி கூடிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட நண்டுக்கறிக்கு இதை வைக்க வேண்டாம். 14 சதவீதத்தை நெருங்கும் மதுச்சத்து மிளகாயின் எரிவை ஏற்றிவிடும், ஓக் கசக்கும், நண்டின் இனிப்பும் மறைந்துவிடும். அந்தக் கறியைச் செய்வதாக இருந்தால் கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை வாங்குங்கள். ஷார்டொனேயையே ஊற்ற வேண்டும் என்றால் நண்டை அவித்து, உருக்கிய வெண்ணெயோடு பரிமாறுங்கள்.

வெள்ளை ஒயின் சைவமா?
— வாசகி, கும்பகோணம்

எல்லா ஒயினும் அல்ல. திராட்சையும் ஈஸ்டும் தாவரமும் காளானினமும்தான்; ஆனால் ஒயினைத் தெளியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் இசின்கிளாஸ், முட்டை வெள்ளைக்கரு, பாலின் கேசீன், ஜெலட்டின் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பின் வடித்து எடுப்பது பழைய வழக்கம். வெள்ளை ஒயின்களுக்கு பென்டோனைட் என்ற களிமண்ணும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் சிக்கல் இல்லை. முட்டை, பால் ஆகியவற்றின் எச்சம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் பாட்டிலில் குறிப்பிட வேண்டும். மீன் பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், பாட்டிலில் வீகன் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பத்தகுந்த வழி.

எந்த அளவு குளிர்ச்சியில் பரிமாற வேண்டும்? எத்தனை ஆண்டுகள் வைக்கலாம்?
— வாசகர், கொழும்பு

ஓக் படாததை 8 முதல் 10 டிகிரியிலும், ஓக் பட்டதை 11 முதல் 13 டிகிரியிலும் பரிமாறலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் நல்ல மர்சோவுக்கும் மலிவான ஒயினுக்கும் வேறுபாடு தெரியாது. இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். சாதாரண ஷார்டொனேயை வாங்கிய ஓரிரண்டு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும். கிராண்ட் க்ரூ என்ற மிக உயர்ந்த தரத்து ஷப்லியும் பர்கண்டியின் கோர்த்தோன்-ஷார்லமானும் பத்து ஆண்டு தாண்டித் தேனும் ஹேசல்கொட்டையும் மணக்கும் நிலைக்கு வரும், ஆனால் நல்ல நிலவறை வேண்டும். நம் வெப்பத்தில் அலமாரியில் வைத்துக் காப்பாற்ற நினைப்பது வீண்செலவு.

ஷாம்பேன் பாட்டிலில் ‘பிளாங் த பிளாங்’ என்று போட்டிருந்தால் அது ஷார்டொனேயா?
— வாசகர், புதுச்சேரி

வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்தது என்பதற்கான குறிப்பு அது. ஷாம்பேன் பகுதியில் வேறு சில வெள்ளைத் திராட்சைகளுக்கும் அனுமதி உண்டு என்றாலும் நடைமுறையில் அநேகமாக எல்லாமே ஷார்டொனேதான். எபெர்னே நகரத்துக்குத் தெற்கே நீளும் கோத் தே பிளாங் சரிவில் அவீஸ், க்ரமான், லெ மெனில்-சூர்-ஓஜே ஆகிய ஊர்களின் வெண்சுண்ணாம்பு மண்ணில் மிகச் சிறந்தவை விளைகின்றன. இரண்டாம் நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கும். ஆண்டு குறிப்பிடாதவை குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறிப்பிட்டவை 3 ஆண்டும் ஆலையில் காத்திருந்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும். இளமையில் எலுமிச்சைத் தோலும், முதிர்ந்தால் வாட்டிய ரொட்டியும் மணக்கும். பொரித்த மீன், பொரித்த இறால் போன்றவற்றோடு குடிக்க இது மிகவும் ஏற்றது. குறுகலான குழல் கிண்ணத்தில் அதன் மணம் மேலே வர இடமிருக்காது. சாதாரண வெள்ளை ஒயின் கிண்ணத்திலேயே ஊற்றுங்கள்.